தலைவர் வந்துகினு இருக்காரு

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்துக்கு வெளியே, கம்பெனிப் பகுதிக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற ஸ்டாண்டில் ஒரு விதி உண்டு. வரிசையில் நிற்கும் வண்டியை நியூட்ரலில் விட வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. முதல் வண்டி ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் மற்றவை ஒவ்வொன்றாக முன்னே நகரும். அதற்காக யாரும் இன்ஜினைப் போடுவதில்லை. காலைத் தரையில் ஊன்றி உந்தினால் போதும். முன்வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தால், பின்வண்டிக்காரர் இறங்கி அதன் பம்பரில் ஒரு காலை வைத்துத் தள்ளிவிட்டு, தன் வண்டியையும் இழுத்துக்கொள்வார். முன்வண்டிக்காரர் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். யாரும் யாரையும் எழுப்புவதில்லை. முதல் ஷிப்டுக்கு இருட்டோடு வந்து நிற்கிறவர்களுக்குக் கிடைக்கிற தூக்கம் அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், சங்கத் தலைவர் வாசுதேவன் தன் வண்டியில் கைகளைக் கட்டிக்கொண்டு, முகவாய் நெஞ்சில் படத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் துணைத் தலைவர் ஸ்டான்லியின் வண்டி. முன்னால் இருந்த வண்டி கிளம்பியது. ஸ்டான்லி இறங்கி, பம்பரில் காலை வைத்துத் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வண்டி கிளம்பியது. மறுபடியும் தள்ளினார். வாசுதேவனின் வண்டி வரிசையில் முதலாவதாகப் போய் நின்றது.

கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்து, "அண்ணா, போலாமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. பின்னால் திரும்பி ஸ்டான்லியிடம், "இவரு எழுந்திரிக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

ஸ்டான்லி போய்த் தோளைத் தொட்டார். "தலைவரே."

சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை சில்லென்று இருந்தது. மருத்துவமனையில், உயிர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்கள்.

தூங்கும்போதே போய்விட்ட மனிதர், கொடுத்து வைத்தவர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்டான்லி மயானம் வரை நடந்தார், திரும்பி வந்து குளித்தார், மனைவி மார்கரெட் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், படுத்தார், தூங்கினார். கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜெனிஃபர் போனில், "அப்பா அழுதாராம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி. சாப்புடறாரு, தூங்கறாரு. இன்னான்னு கேட்டா இன்னான்னு திருப்பிக் கேக்கறாரு."

ஒன்று மட்டும் மாறியிருந்தது. அன்றிலிருந்து அவர் எந்த வண்டியையும் காலால் தள்ளவில்லை. இறங்கி, பின்னால் போய், இரண்டு கையாலும் தள்ளினார். இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்டான்லி ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பா, ஊர்க்காரரான ராஜாராம் என்பவரின் குடும்பத்து நிலத்தில் ஏர் ஓட்டினார். அம்மா அதே நிலத்தில் நாற்று நட்டார். அந்த நிலமெல்லாம் இன்று பிளாட்டும் கிடங்கும் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராகப் போனார். பிறகு கம்பெனி பஸ்ஸில் டிரைவர். அந்த ஒப்பந்தம் முடிந்தபோது கடன் போட்டு ஆட்டோ எடுத்தார். அப்போது ராஜாராமும் நிலத்தை விற்ற கையோடு ஓர் ஆட்டோ வாங்கி அதே ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் இரண்டு பேருக்கும் எப்படிப் பேசிக்கொள்வது என்று தெரியவில்லை. ராஜாராமின் வண்டி பின்னால் இருந்தது. "நீ போ, நீதான் முன்ன" என்றார் ராஜாராம். அவ்வளவுதான்.

முதலில் வந்தவன் முதலில் போகலாம் என்ற வரிசையைக் கொண்டுவந்தவர் வாசுதேவன். அதற்கு முன் அங்கே வரிசை கிடையாது. சட்டையைப் பிடிப்பதுதான் முறை. ரயில் வந்ததும் ஆளுக்கொரு பையை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். வாசுதேவனும் காலனிக்காரர். நல்ல உயரம், பெரிய குரல். தகராறு நடக்கிற இடத்துக்கு நடந்து போனாலே பாதித் தகராறு அடங்கிவிடும். அவர்தான் எல்லோரையும் உட்கார வைத்துச் சங்கம் ஆரம்பித்தார். தலைவர் யார் என்பதில் பேச்சே இல்லை. கணக்குக்கு ராஜாராமைப் போட்டார்கள். துணைத் தலைவர் பதவியை யாரும் கேட்கவில்லை. வாசுதேவன் ஸ்டான்லியைக் கை காட்டினார்.

"துணைத் தலைவருக்கு இன்னா வேல?" என்று கேட்டார் ஸ்டான்லி.

"நான் இல்லாதப்ப நீ."

"நீ எப்ப இல்லாம இருப்ப?"

"நான் எப்பவும் இருப்பேன். அதான், உனக்கு வேலயே கெடையாது. கையெழுத்து போடு."

பெயர்ப்பலகையில் தலைவர் பெயர் சிவப்பிலும், அதன் கீழே துணைத் தலைவர் பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில் நீலத்திலும் எழுதப்பட்டது. அன்றைக்கே அவருக்குத் 'துணை' என்று பெயர் வந்துவிட்டது. டீக்கடையில்கூட, "துணைக்கு ஒரு லைட் டீ" என்றுதான் சொல்வார்கள்.

வேலையே கிடையாது என்று சொன்னாலும் வேலை இருந்தது. வாசுதேவன் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. வருகிற வழியில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அந்த வீட்டுக்காரரோடு ஒரு வாக்குவாதத்தையும் முடித்துவிட்டுத்தான் வருவார். அதனால் ஸ்டான்லி முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பார். சங்கத்தின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, "தலைவர் வந்துகினு இருக்காரு சார்" என்பார். இந்த ஒரு வரியாலேயே இன்ஸ்பெக்டர்களையும் பொறியாளர்களையும் காக்க வைத்திருக்கிறார். பிறகு வாசுதேவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நுழைவார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆனால் பெயர்கள் மட்டும் அவருக்கு நிற்காது. பேச்சின் நடுவே தலையை லேசாக இடப்பக்கம் சாய்ப்பார். அங்கே அரையடி பின்னால் நிற்கும் ஸ்டான்லி அந்தப் பெயரைச் சொல்வார். வாசுதேவன் அதைத் தானே நினைவுகூர்ந்ததுபோல உரக்கச் சொல்லுவார். சங்கத்தின் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் ஸ்டான்லியின் ஒரு தோளும் பாதி முகமும் இருக்கும்.

அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், மார்கரெட்டுக்குத்தான் இருந்தது. அவள் கோவளத்துக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "முழு மூஞ்சியும் தெரியற மாரி ஒரு தடவ நின்னா இன்னா கொறஞ்சிடும்?" என்பாள். "வெயிலு அந்தப் பக்கம்" என்பார் ஸ்டான்லி.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் வாசுதேவன் வைத்ததுதான். முனிசாமி என்ற டிரைவர் லாரியில் அடிபட்டு இறந்தபோது ஆரம்பித்தது. இறந்தவரின் வண்டியை உடனே வரிசையிலிருந்து எடுத்துவிடக் கூடாது. காரியம் முடிகிற வரை அது வரிசையில் நிற்கும். அதன் முறை வரும். முறை வந்தால் துணைத் தலைவர் அதை ஓட்ட வேண்டும். அந்த வண்டியில் ஏறுகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது. காரியம் முடிந்த மறுநாள் வண்டி வீட்டுக்குப் போய்விடும். முனிசாமிக்குப் பிறகு இரண்டு பேருக்கு இப்படிச் செய்தார்கள். மூன்று முறையும் ஓட்டியவர் ஸ்டான்லி.

இப்போது வாசுதேவனின் வண்டியையும் அவர்தான் ஓட்டினார். தன் வண்டியை ஸ்டாண்டில் ஓரமாக விட்டுவிட்டு, மாலையில் வாசுதேவன் வண்டியைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் விடுவார். விடிவதற்குள் போய் எடுத்து வருவார். முதல் நாள் மாலை வண்டிச் சத்தம் கேட்டு வாசுதேவனின் மனைவி கல்யாணி வேகமாக வாசலுக்கு வந்துவிட்டார். வந்தவர் ஸ்டான்லியைப் பார்த்துவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து ஸ்டான்லி தெருமுனையிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சில நாள் பார்த்துவிட்டுக் கல்யாணி சொன்னார்: "அண்ணா, நீங்க தள்ளிகினு வர்றது தெரியுது. சத்தமே இல்லாம வந்து நிக்கறதுதான் இன்னும் ஒரு மாரி கீது. ஓட்டிகினே வாங்க."

"சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு ஓட்டிக்கொண்டே போனார்.

வாசுதேவன் உயரமானவர் என்பதால் கண்ணாடி அவர் உயரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஸ்டான்லி உட்கார்ந்தால் அதில் வண்டியின் கூரை மட்டும் தெரியும். பின்னால் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள். அவர் கண்ணாடியைத் தொடவில்லை. திரும்பிப் பார்த்து ஓட்டினார்.

ஒருநாள் ஸ்வாதி என்ற பெண், தினமும் வருகிறவள், கம்பெனி கேட்டில் இறங்கிப் பணத்தை நீட்டினாள். ஸ்டான்லி வாங்கவில்லை.

"ஏண்ணா?"

"இது தலைவர் வண்டி. காசு இல்லம்மா."

"அவரு எங்க, ஒரு வாரமா காணோம்? லீவா?"

ஸ்டான்லி யோசித்தார். பின்னால் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"ம்" என்றார்.

"வந்தா நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

பிறகு கேட்டிலிருந்து ஸ்டாண்டு வரை வெறும் வண்டியாக ஓட்டி வந்தார். வழியில் கை காட்டினவர்களைப் பார்க்கவில்லை என்பது அவர்கள் பின்னால் திட்டியபோதுதான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்டேஷன் வாசலை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வெகுநாளாக இருந்தது. இப்போது வரைபடம் தயாராகிவிட்டது. அதில் ஆட்டோ ஸ்டாண்டு இல்லை. ஆட்டோக்களுக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை காட்டப்பட்டிருந்தது. ரயிலில் வருகிறவர்கள் சாலையைக் கடந்து அவ்வளவு தூரம் நடந்து வர மாட்டார்கள். வழியிலேயே செல்போனில் வண்டி கூப்பிட்டுக்கொள்வார்கள். ஸ்டாண்டு போனால் சங்கமும் போய்விடும், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெருத்தெருவாக ஆள் தேட வேண்டியதுதான். பாதிக்கப்படுகிறவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசலாம், ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் தலைவர் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பேச யாரும் வரவில்லை என்றால் வரைபடம் அப்படியே நிற்கும். கூட்டம், வாசுதேவனின் காரியத்துக்கு முன்பாகவே வந்தது.

ராஜாராம் டீக்கடை பெஞ்சில் ஸ்டான்லியை உட்கார வைத்துப் பேசினார்.

"தலைவர் எடம் காலியானா துணைத் தலைவர்தான் தலைவர். நாமளே எழுதி வச்சிகீறோம். நீ தலைவரா போய் நின்னு பேசு."

"காரியம் முடியட்டும்."

"கூட்டம் அதுக்கு முன்ன வருது, ஸ்டான்லி."

"துணைத் தலைவரா போறேன்."

"அவங்க தலைவரத்தான் கூப்புடறாங்க."

ஸ்டான்லி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் தலைவர் ஆயிட்டா, வண்டிய யாரு ஓட்டறது?"

ராஜாராமுக்கு அப்போதுதான் புரிந்தது. இறந்தவரின் வண்டியைத் துணைத் தலைவர் ஓட்ட வேண்டும். ஸ்டான்லி தலைவரானால் அவர் துணைத் தலைவர் இல்லை. சாவியை அடுத்த துணைத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு விதியும் வாசுதேவன் வைத்தவை. தலைவரே செத்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. அவர்தான் எப்பவும் இருப்பதாகச் சொல்லியிருந்தாரே.

"உன்ன வுட்டா அந்த வண்டிய ஓட்ட ஆளே இல்லியா இங்க?" என்று கேட்டான் மணி. ராஜாராமின் ஊர்க்காரன், முப்பது வயதைத் தாண்டியவன். ஸ்டாண்டில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பவன். எதிர் பெஞ்சில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "துணை அண்ணாத்தைக்கு ரெண்டாவது சீட்டுல குந்திப் பழகிப்போச்சு. முன்ன சீட்டு காலியானாலும் அதத் தொடச்சி வச்சிகினு நிக்கும்."

"நீ வாய மூடு" என்றார் ராஜாராம்.

"நான் மூடிக்கறேன். அங்க போயி இவரும் மூடிகினு இருந்தா, நாளைக்கு நாம எல்லாம் காலி மனையில கிரிக்கெட் ஆடிகினு இருக்க வேண்டியதுதான்."

ஸ்டான்லி எழுந்து போய் வாசுதேவனின் வண்டியைத் துடைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. மணி சொன்னது சரியாகவும் படவில்லை, தப்பாகவும் படவில்லை. யாரோ வேறு யாரையோ பற்றிச் சொன்னதுபோல் இருந்தது.

கூட்டத்தன்று மார்கரெட் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளும்போது, "இன்னா பேசப் போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல."

"வாசுதேவன் இருந்தா இன்னா பேசுவாரோ அத பேசுங்க. பக்கத்துல நின்னு கேட்டுகினுதான இருந்தீங்க இத்தன வருசம்?"

"கேட்டேன்."

"அப்புறம் இன்னா."

அவர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தான் வரை வந்த பிறகு, மேலே ஒன்றை விட்டுவிட்டது தெரிந்தது. மார்கரெட் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டுவிட்டாள்.

ராஜாராமின் வண்டியில் மூன்று பேரும் போனார்கள். மணியை யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே ஏறிக்கொண்டான். செங்கல்பட்டில் கூட்டம் நடக்கிற கூடம் நிறைந்திருந்தது. பூக்கடைக்காரர்கள், பழக்கடைக்காரர்கள், ஸ்டேஷன் எதிரில் டிபன் கடை வைத்திருப்பவர்கள். எல்லோருக்கும் அதே வரைபடம்தான். ஸ்டான்லி வழக்கமாக உட்கார்வதுபோல் இரண்டாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி இருந்தார். அதிக வயதில்லை. ஒவ்வொருவர் பேசும்போதும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தைப் பார்த்து, "ஷேர் ஆட்டோ ஓட்டுநர் சங்கம். தலைவர் வந்திருக்காரா?" என்றார்.

ஸ்டான்லி எழுந்தார்.

"தலைவர் வந்துகினு இருக்காரு மேடம்."

"சரி. அப்போ உங்களக் கடைசியா எடுத்துக்கறேன். அடுத்தது யாரு?"

ஸ்டான்லி உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்து, நாற்காலியைக் காலியாக்கினார். ராஜாராம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து மணி முன்னால் குனிந்தான்.

"இன்னா சொன்ன நீ?"

என்ன சொன்னோம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஸ்டான்லிக்கு எட்டியது. அது எட்டிய பிறகும் உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. டிபன் கடைக்காரர் ஒருவர் அழுதுகொண்டே பேசினார். கதவு திறக்கும்போதெல்லாம் ஸ்டான்லி திரும்பிப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. இருந்தாலும் திறக்கும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பியது. ஒருதரம் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒருதரம் யாரும் வரவில்லை, காற்றுக்குத் திறந்து மூடியது.

மணி அவர் பக்கத்து நாற்காலியில், வாசுதேவனுக்காகக் காலியாக்கிய நாற்காலியில், வந்து உட்கார்ந்தான். முன்னால் பார்த்துக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"அண்ணாத்த, நான் அன்னிக்கு டீக்கடையில இருந்து பாத்துகினுதான் இருந்தேன். நீ அவர ரெண்டு தபா தள்ளுன."

ஸ்டான்லியின் கை பையின் மேல் அசையாமல் இருந்தது.

"நானா இருந்தாலும் தள்ளியிருப்பேன். ராஜாராம் தள்ளியிருப்பாரு. யாரா இருந்தாலும் தள்ளியிருப்பான். தூங்கறவன எழுப்பக் கூடாதுன்னு சொன்னது யாரு? அவருதான். இப்ப நீ கைல தள்ளிகினு கீற. அதையும் பாத்துகினுதான் கீறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அவரு வரமாட்டாரு. கூப்புட்டா எழுந்து நில்லு. அவ்ளோதான்."

கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆட்டோ சங்கம். தலைவர் வந்துட்டாரா?"

ஸ்டான்லி எழுந்தார். "வரல மேடம். இறந்துட்டாரு."

"இப்பவா?"

"இல்ல. போன வாரமே."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வந்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னீங்களே?"

"பழக்கத்துல சொல்லிட்டேன் மேடம். மன்னிச்சிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "இப்ப யாரு பேசறீங்க? தலைவர்னு ஒருத்தர் பேர் எழுதணும்."

ராஜாராம் வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்டான்லி சொல்லிவிட்டார்.

"ஸ்டான்லி. எழுதிக்கங்க."

சொன்னபோது சாவி பாக்கெட்டில் இருப்பது தெரிந்தது. இனி அது அவருடையது இல்லை. அவர் பேச ஆரம்பித்தார். குரல் சின்னதாக இருந்ததால் அதிகாரி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முதல் ஷிப்டுக்கு இருட்டில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றார். அவர்கள் நெடுஞ்சாலையை இருட்டில் கடக்க வேண்டியிருக்கும் என்றார். ஸ்டாண்டில் வரிசை இருப்பதால் எந்தப் பெண் எந்த வண்டியில் போனாள் என்பது அடுத்த வண்டிக்காரருக்குத் தெரியும், தனித்தனியாகச் சிதறிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். வாசுதேவன் பேசுவதுபோல் அவர் பேசவில்லை. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்தினார். அடுத்ததை எடுத்தார்.

"அந்த எடத்த எங்களுக்கு சும்மா யாரும் வுட்டுக் கொடுக்கல மேடம். அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் நேர்ல வந்து, வரிசையா நிக்கறதா இருந்தா நில்லுங்கன்னு, அவரே கோடு போட்டுக் கொடுத்தாரு. அவரு பேரு…"

பேர் வரவில்லை. எத்தனையோ கூட்டத்தில் வாசுதேவனின் காதில் அவர் சொன்ன பெயர்தான். பக்கத்தில் நிற்கும்போது அது எப்போதும் நாக்கில் இருக்கும். முன்னால் நிற்கும்போது இல்லை. அவர் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.

இடப்பக்கம் யாரும் இல்லை. அதிகாரி காத்திருந்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வலப்பக்கம் இருந்த மணி எழுந்து, ஸ்டான்லியின் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்து, அரையடி தள்ளி நின்றான்.

"கோபாலகிருஷ்ணன்" என்றான் மெதுவாக.

"கோபாலகிருஷ்ணன்" என்றார் ஸ்டான்லி.

அதிகாரி எழுதிக்கொண்டார். இன்னும் சில கேள்விகள் கேட்டார். ஒற்றை வரிசையாக, புது மதிலை ஒட்டி நிற்பதாக இருந்தால் அகலப்படுத்துகிற வேலைக்கு இடைஞ்சல் இருக்காது, நேரில் வந்து பார்த்துவிட்டு வரைபடத்தில் அந்தக் கோட்டைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றார். வண்டிகள் இப்போது நிற்பதில் பாதி இடம்தான். ஆனால் ஸ்டேஷன் வாசலிலேயே.

"போதும் மேடம்" என்றார் ஸ்டான்லி.

திரும்பி வரும்போது மூன்று பேரும் அதிகம் பேசவில்லை. ராஜாராம் மட்டும் ஒருதரம், "இன்னா சாப்புடற ஸ்டான்லி?" என்று கேட்டார். ஒரு கடையில் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டார்கள். ஸ்டான்லிக்குப் பசி இருந்ததா என்று தெரியவில்லை. தட்டில் வைத்தது தீர்ந்திருந்தது.

ஸ்டாண்டில் மத்தியான வரிசை நின்றுகொண்டிருந்தது. வாசுதேவனின் வண்டியை யாரோ இரண்டாவது இடம் வரைக்கும் நகர்த்தி வைத்திருந்தார்கள். ஓரமாக நின்ற ஸ்டான்லியின் வண்டியையும் அதற்குப் பின்னால் வரிசையில் விட்டிருந்தார்கள். சேதி கேட்டு எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ராஜாராம்தான் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் வந்துகினு இருக்காரு என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

ஸ்டான்லி பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். முருகன் படம் போட்ட வளையம், வாசுதேவனின் கட்டை விரல் பட்டுப் பட்டு முருகனின் முகம் தேய்ந்திருந்தது. அதை மணியிடம் நீட்டினார்.

"இன்னாது?"

"துணை நீதான்."

"நான் கேக்கல."

"நானும் அப்ப கேக்கல."

மணி சாவியைப் பார்த்தான். ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். "காசு வாங்கக் கூடாது, இல்ல?"

"கூடாது. சாயந்திரம் வூட்டுல கொண்டாந்து வுடணும். தெருமுனையில நிறுத்தாத. ஓட்டிகினே போ, அந்தம்மா சொல்லிகீது."

மணி வாசுதேவனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். அதில் கூரைதான் தெரிந்திருக்கும். கையை நீட்டித் தன் உயரத்துக்குத் திருப்பினான். இப்போது அதில் பின்சீட்டும், அதற்குப் பின்னால் ஸ்டான்லியின் வண்டியும் தெரிந்தன; அதில் ஏறி உட்கார்ந்த ஸ்டான்லியும் தெரிந்தார். ஸ்டான்லி அதைப் பார்த்தார்.

ரயில் வர நேரம் இருந்தது. வெயில் ஏறியிருந்தது. விடியலிலேயே எழுந்தவன் என்பதால் மணிக்குக் கண் சொருகியது. கைகளைக் கட்டிக்கொண்டான். முகவாய் நெஞ்சில் இறங்கியது.

முதல் வண்டியில் இரண்டு பேர் ஏறினார்கள். பிறகு ஒருவர். அது கிளம்பிப் போனது.

ஸ்டான்லி இறங்கி வாசுதேவனின் வண்டிக்குப் பின்னால் போனார். இரண்டு கையையும் அதன் முதுகில் வைத்தார். தகரம் சுட்டது. தள்ளவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ, "இன்னா துணை, நகுத்து" என்றார்கள். இன்னொருவர், "தலைவர்னு சொல்லுடா" என்றார்.

"மணி" என்று கூப்பிட்டார் ஸ்டான்லி.

பதில் இல்லை. பின்னால் ஹாரன் ஒன்று அடித்தது.

"மணி."

"இன்னா தலைவரே?" என்றான் மணி, கண்ணைத் திறக்காமல்.

ஸ்டான்லி தள்ளினார்.